பாலைவனத்தை யாரும் பகைப்பதில்லை

பகைவனைப் பற்றிப் பேச நேரும்போதுதான் ஒரு மனிதனின் நீதியுணர்வு உரைத்துப் பார்க்கப்படுகிறது. நண்பனுக்கு நீதி வழங்குவது எளிது. அதற்கு நாவு தானாகவே இணங்கும். தன் வீட்டுக்குத் தீ வைத்தவனைப் பற்றிச் சாட்சி சொல்ல நிற்கும்போது அதே நாவு எப்பக்கம் சாய்கிறது என்பதைக் கொண்டே மனிதன் அளக்கப்படுகிறான். பகை கொண்ட கூட்டத்தாரிடத்தும் நீதி பிறழலாகாது என்று திருமறையின் 'அல்மாயிதா' அத்தியாயம் நம்பிக்கையாளர்க்கு ஆணையிடுவதன் கருத்து இதுவே.

அவ்வாணையில் நுட்பமான செய்தியொன்று அடங்கியிருக்கிறது. பகையே இல்லாது போகட்டும் என்று இறைவன் அங்குக் கூறவில்லை. பகை இருக்கும் என்பதை எடுத்துக்கொண்டு, அது இருக்கும்போதே நீதி செய்யுமாறு பணிக்கின்றான். ஆகவே வெறுப்பின்மை வேறு, நீதி வேறு. வெறுப்பு நீங்கிய உள்ளத்தில் நீதி தானாக வந்து குடியேறிவிடும் என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் சரிதானா என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா. அதற்கு உரைகல்லாக ஓர் அமெரிக்கத் திரைப்படத்தை எடுத்துக்கொள்கிறேன்.

திரைப்படமா என்று புருவம் உயர்த்தும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களுடைய தயக்கத்தை மதிக்கிறேன். ஆயினும், ஒரு நாடு தான் வென்று ஒடுக்கிய மக்களைப் பற்றித் தன் பிள்ளைகளுக்கு எவ்வாறு கதை சொல்லி வந்தது என்பதை அறிய விரும்புவோர், அமெரிக்கா அக்கதையைப் பெரிதும் திரையில்தான் சொல்லியது என்பதை ஒதுக்கிவிட இயலாது.

படமும் அதன் காலமும்

அமெரிக்கத் திரையுலகம் செவ்விந்தியரை நெடுங்காலம் முகமற்ற கூட்டமாகவே காட்டி வந்தது. 1939இல் ஜான் ஃபோர்டு இயக்கிய 'ஸ்டேஜ்கோச்' படத்தில், பயணிகளின் வண்டியைத் துரத்தி வரும் அப்பாச்சியர் குண்டடிபட்டுக் குதிரையினின்றும் விழுவதற்காகவே தோன்றுகின்றனர். அவர்கள் யார், எதனால் சினங்கொண்டனர் என்று கேட்பார் அக்கதையில் ஒருவரும் இலர்.

வியட்நாம் போர் இந்தக் கதைசொல்லும் மரபை அசைத்தது. 1968 மார்ச்சில் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படைவீரர்கள் பெண்களையும் குழந்தைகளையும் கொன்று குவித்த செய்தி, அடுத்த ஆண்டு இறுதியில் வெளிப்பட்டது. 1970இல் வந்த 'சோல்ஜர் புளூ', 'லிட்டில் பிக் மேன்' ஆகிய இரு படங்களும் பழைய கதையைத் தலைகீழாகத் திருப்பின. குதிரைப்படை கொடியதாயிற்று, செவ்விந்தியர் குற்றமற்றோர் ஆயினர்.

1972இல் ராபர்ட் ஆல்ட்ரிச் இயக்கி வெளியிட்ட 'உல்ஸானாஸ் ரெய்ட்' இவ்விரு வழிகளையும் விட்டு விலகியது. உல்ஸானாவின் சூறையாட்டம் என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அரிஸோனாவில் ஸான் கார்லோஸ் என்னும் ஒதுக்கிடத்தில் அடைபட்டிருந்த அப்பாச்சியருள் உல்ஸானா என்பவன் ஒரு சிறு கூட்டத்துடன் தப்பி, வழியிலுள்ள பண்ணைகளைத் தாக்குகின்றான். அவனைப் பிடிக்க ஒரு குதிரைப்படைப் பிரிவு புறப்படுகின்றது. தலைவன், டெபூயின் என்னும் இளம் லெஃப்டினன்ட். இவன் ஒரு பாதிரியாரின் மகன். செவ்விந்தியரிடம் கிறிஸ்தவ அன்பு காட்டாமையே எல்லாத் தொல்லைக்கும் வேர் என்று கருதும் தந்தையிடம் வளர்ந்தவன். அவனுக்குத் துணையாக மெக்கின்டோஷ் என்னும் முதிய வழிகாட்டியும், கெ-நி-டே என்னும் அப்பாச்சி வழிகாட்டியும் செல்கின்றனர். கெ-நி-டேயின் மனைவியும் உல்ஸானாவின் மனைவியும் உடன்பிறந்தோர். மெக்கின்டோஷாக நடித்தவர் பர்ட் லங்காஸ்டர்.

படத்தின் பலம்

இப்படத்தின் முதற்பலம், அது எத்தரப்பாரையும் வெள்ளையடித்துக் காட்டாமை. உல்ஸானாவின் கூட்டத்தார் செய்யும் கொடுமைகள் மறைக்கப்படவில்லை. ஒரு பண்ணைக்காரர் படைக்கொம்பின் ஒலியைக் கேட்டு, குதிரைப்படை வந்துவிட்டதென இறைவனுக்கு நன்றி கூறியவாறு கதவைத் திறக்கின்றார். கொம்பை ஊதியவர்கள் பகைவர்கள். இன்னொரு காட்சியில், ஒரு பெண்ணையும் அவள் மகனையும் அழைத்துச் செல்லும் படைவீரன், அப்பாச்சியர் சூழ்ந்துகொண்டதும் அப்பெண்ணை அவர்கள் கையிற் சிக்காதிருக்கத் தானே சுட்டுக் கொல்லுகின்றான். தன் குதிரையும் வீழ்ந்தபின் தன்னையும் சுட்டுக்கொள்கின்றான். அச்சம் மனிதனை எத்துணை தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது பலம், கண்ணாடியைத் திருப்பிப் பிடிக்கும் துணிவு. சண்டையில் மாண்ட உல்ஸானாவின் மகனுடைய உடலைக் குதிரைப்படையினர் கத்தியால் சிதைக்கின்றனர். லெஃப்டினன்ட் அருவருப்படைந்து அவர்களைத் தடுக்கின்றான். அப்போது முதியவர் மெக்கின்டோஷ் அவனிடம் கூறுவதன் சாரம் இது: வெள்ளையர் அப்பாச்சியரைப் போல நடந்துகொள்வதைக் காண உனக்குப் பிடிக்கவில்லை, ஏனெனில் அது உன் கணக்கைக் குழப்பிவிடுகிறது. 'அவர்கள் காட்டுமிராண்டிகள், நாம் நாகரிகர்' என்னும் கணக்கு அவ்வொரு காட்சியில் உடைந்துபோகிறது.

இக்காட்சியைக் காணும் முஸ்லிமின் நினைவு உஹதுக் களத்துக்குச் செல்லாமல் இராது. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு அக்களத்தில் ஹள்ரத் ஹம்ஸா (ரலி) அவர்களின் திருவுடல் சிதைக்கப்பட்டுக் கிடந்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் துயரம் கரை கடந்த வேளை அது. தண்டித்தால் இழைக்கப்பட்ட அளவுக்கே தண்டிக்கலாம், பொறுத்தலோ அதனினும் மேல் என்னும் இறைக்கட்டளை அச்சூழலில் இறங்கியதென்பது விரிவுரையாளர் பலரின் கூற்று. மாண்டோரின் அங்கங்களைச் சிதைப்பதைப் பெருமானார் தடுத்துவிட்டார்கள். பகைவன் செய்தான் என்பது நாம் செய்வதற்கு அனுமதிச்சீட்டாகாது என்னும் சட்டம், மிகுந்த வேதனையின் நடுவிலே பிறந்தது. அமைதியான அறையில் அமர்ந்து சட்டம் வகுப்பது எவர்க்கும் கைகூடும். சிறிய தந்தையின் உடல் முன்னே கிடக்கும்போது அதற்குக் கட்டுப்படுவது வேறு.

மூன்றாவது பலம், கெ-நி-டே என்னும் பாத்திரம். தன் உறவினனையே வேட்டையாடும் இவனை எங்ஙனம் நம்புவது என்று லெஃப்டினன்ட் ஐயுறுகின்றான். அதற்கு அவன் தரும் விடை எளியது: படையில் சேரும் பத்திரத்தில் தான் கையெழுத்திட்டிருப்பதைச் சுட்டிக்காட்டுகின்றான். வெள்ளையரிடம் அன்பு கொண்டதாக அவன் ஒருபோதும் கூறவில்லை. கொடுத்த வாக்கு இருக்கிறது, அவ்வளவே. உடன்படிக்கையை நிறைவேற்றுக என்று திருமறை மீண்டும் மீண்டும் வலியுறுத்தும் 'அஹ்து' என்னும் பண்பு, அந்தச் சில சொற்களில் நிமிர்ந்து நிற்கிறது. இறுதியில் உல்ஸானாவை எதிர்கொள்பவனும் அவனே. மகனின் படைக்கொம்பைக் காட்டி, அவன் மாண்டதை உணர்த்துகின்றான். உல்ஸானா மண்டியிட்டு மரணப்பாட்டைப் பாடியபின் சுடப்படுகின்றான். அவனை அடக்கும் பணியையும் கெ-நி-டே தானே ஏற்கின்றான்.

பாலைவனம் என்னும் உவமை

படத்தின் பலவீனமும் அதன் மிகப் புகழ்பெற்ற உரையாடலிலேயே இருக்கின்றது. கொடுமைகளைக் கண்டு கலங்கிய லெஃப்டினன்ட், அப்பாச்சியரை நீர் வெறுக்கவில்லையா என்று மெக்கின்டோஷைக் கேட்கின்றான். இல்லை என்கின்றார் அவர். நீரில்லாத காரணத்துக்காகப் பாலைவனத்தை வெறுப்பதற்கு அது ஒப்பாகும் என்றும், அவர்களுக்கு அஞ்சுவதோடு நிறுத்திக்கொள்வதாகவும் விளக்குகின்றார்.

கேட்டமாத்திரத்தில் இது ஞானியின் வாக்காகத் தோன்றுகிறது. வாழ்நாளெல்லாம் எல்லைப்புறத்தில் கழித்த ஒருவர் தம் நெஞ்சினின்றும் வெறுப்பைக் களைந்துவிட்டார். அதனைச் சிறிதென்று யாரும் கூறவியலாது. ஆயினும் அவ்வுவமையைச் சற்றே பிரித்துப் பார்ப்போம்.

மத்ரஸாவில் உசூலுல் ஃபிக்ஹு பாடம் தொடங்கும் மாணவனுக்குத் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் சொல் 'தக்லீஃப்'. அதாவது பொறுப்புச் சுமத்தப்படுதல். சட்டம் முகல்லஃபை, அதாவது அறிவும் பருவமும் எய்திய மனிதனை நோக்கியே பேசுகிறது. கல்லையும் காற்றையும் நோக்கி அது பேசுவதில்லை. பாலைவனம் ஒருவனைக் கொன்றால் அதன்மீது வழக்கில்லை. அதேபோல், பாலைவனத்துக்கு ஒருவன் கேடு செய்தால் அது நீதி கேட்டு மன்றத்துக்கு வருவதுமில்லை. ஆக, ஒரு மக்கட்கூட்டத்தைப் பாலைவனத்துக்கு ஒப்பிடுவோர் ஒரே நேரத்தில் இரண்டைப் பறித்துவிடுகின்றனர். ஒன்று, அவர்களுடைய குற்றத்தின் பொறுப்பு. மற்றொன்று, அவர்களுடைய முறையீட்டின் உரிமை. முன்னதைப் பறிப்பது பெருந்தன்மை போலக் காட்சி தருகின்றது. பின்னதைப் பறித்தது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இப்னு கல்தூன் (1332–1406) தம் 'முகத்திமா'வில் பாலைநில மக்களின் துணிவையும் கடுமையையும் விரிவாக ஆராய்கின்றார். அவற்றை அவர் இரத்தத்தின் குணமாகக் கொள்ளவில்லை. மனிதனை உருவாக்குவது அவன் பழகிய வாழ்க்கைமுறையே, பிறவி இயல்பு அன்று என்பது அவர் கொள்கை. ஆகவே ஒரு கூட்டத்தின் நடத்தையைப் புரிந்துகொள்ள விரும்புவோர் அதற்கு நேர்ந்தவற்றை விசாரிக்க வேண்டும். அந்த விசாரணையைத்தான் இப்படம் செய்யாது விட்டுவிடுகின்றது.

கொடுமைக்குக் காரணம் யாதென்று லெஃப்டினன்ட் கேட்கும்போது, கெ-நி-டேயின் வாயிலாகப் படம் ஒரு விடை தருகின்றது. சாகின்றவனின் ஆற்றல் கொன்றவனைச் சேருமாம்; மெல்லச் சாகடித்தால் ஆற்றல் மிகுமாம். அப்பாச்சியரிடையே நெடுநாள் ஆராய்ந்த மாரிஸ் ஓப்லர் 1941இல் வெளியிட்ட நூலில் காணும் 'ஆற்றல்' முற்றிலும் வேறானது. அங்கே அது விலங்கு, மின்னல் முதலியவற்றின் வழியே மனிதனைத் தேடி வரும் கொடை. நோயைத் தீர்க்கவும் சடங்குகளை நடத்தவும் பயன்படுவது. அவ்வாழ்வினின்றும் ஒரு சொல்லை எடுத்து, அதனைக் கொடுமைக்குத் திறவுகோலாக்கிவிட்டது படம். மேலும், உல்ஸானா படம் முழுதும் தன் தரப்பை வெள்ளையரிடம் எடுத்துச் சொல்ல ஒரு வாய்ப்பும் பெறுவதில்லை. அவனைப் பற்றிப் பிறரே பேசுகின்றனர். பாலைவனத்துக்கு நாவேது?

வரலாறு சொல்வது

உல்ஸானா கற்பனை மனிதர் அல்லர். ஜோசானி என்றும் அழைக்கப்பட்ட அவர், சிரிகாவா அப்பாச்சியரின் தலைவர்களுள் ஒருவரான சிவாவாவின் உடன்பிறந்தவர். 1885ஆம் ஆண்டு இறுதியில் ஏறத்தாழ பதினொரு பேருடன் மெக்சிகோவினின்றும் எல்லை கடந்து வந்து, நான்கு வாரங்களுக்குள் சுமார் 1,200 மைல் சுற்றி, 38 பேரைக் கொன்று, தம்மவருள் ஒருவரை மட்டுமே இழந்து திரும்பினார் என்பது ஜெனரல் ஜார்ஜ் குரூக்கின் கணக்கு. கொல்லப்பட்டோருள் வெள்ளைக் குடியேறிகள் மட்டுமல்லர், ஃபோர்ட் அப்பாச்சிக்கு அருகில் வாழ்ந்த வெள்ளைமலை அப்பாச்சியரும் இருந்தனர். படத்தில் இம்மக்கள் இல்லை. அப்பாச்சியரால் அப்பாச்சியர் பட்ட துன்பமும், அவர்களுக்குள்ளிருந்த பிரிவுகளும் சொல்லப்பட்டிருந்தால் பாலைவனம் என்னும் ஒற்றைச் சித்திரம் கலைந்துபோயிருக்கும். அந்த 38 உயிர்களுக்கும் உல்ஸானா பொறுப்பாளியே. ஒதுக்கிடத்தில் பட்ட துன்பம் குழந்தையைக் கொல்லும் உரிமையை எவர்க்கும் வழங்குவதில்லை. சிரியாவுக்குப் படை அனுப்பியபோது பெண்டிரையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லலாகாது, கனிதரும் மரங்களை வெட்டலாகாது என்று விதித்த கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களின் வழிவந்தோர் இதில் இரண்டாம் கருத்துக் கொள்ள இயலாது.

பொறுப்பைச் சுமத்திய அதே கையால் முறையீட்டையும் ஏற்கவேண்டும். சிரிகாவா மக்களுக்கென 1872இல் தனி நிலம் ஒதுக்கப்பட்டது; நான்கே ஆண்டுகளில், 1876இல் அது பறிக்கப்பட்டு, அவர்கள் ஸான் கார்லோஸுக்குக் கொண்டுபோகப்பட்டனர். அங்கே உணவுப் பங்கீட்டில் நடந்த மோசடி, 1882இல் அரிஸோனாவின் விசாரணைக் குழுவே கண்டிக்கும் அளவுக்கு முற்றியிருந்தது.

அதற்கும் முன்னர், 1871 ஏப்ரல் 30ஆம் நாள் விடியலில், வேறொரு பிரிவு அப்பாச்சியர்மீது ஒரு கொடுமை நிகழ்ந்தது. ராணுவத்தின் பாதுகாப்பை நம்பி கேம்ப் கிராண்ட் முகாமுக்கு அருகில் குடியிருந்தவர்களை, டூசான் நகரத்தாரும் அவர்களோடு சேர்ந்த மெக்சிகரும், அப்பாச்சியருக்குப் பகைவரான பப்பாகோ குலத்தாரும் தாக்கி, நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். மாண்டோர் ஏறக்குறைய அனைவரும் பெண்களும் குழந்தைகளும். வழக்கு நடந்தது. நூறு பேர் குற்றம் சாட்டப்பட்டனர். பத்தொன்பது நிமிட ஆலோசனைக்குப் பின் நடுவர்கள் அனைவரையும் விடுவித்தனர். அரிஸோனா மண்ணில் கொடுமையின் வேரைத் தேடிய படத்தில் இந்தப் பத்தொன்பது நிமிடங்களுக்கு இடமில்லாமற் போயிற்று.

கையெழுத்திட்டவனின் கதி

படம் சொல்லாது விட்டவற்றுள் மிகுந்த வேதனை தருவது இன்னொன்று. திரையில் உல்ஸானா பாலைநிலத்திலேயே மாள்கின்றார். வீரனுக்குரிய மரணம் அவருக்குக் கிட்டுகின்றது. உண்மையில் அவர் 1886இல் சரணடைந்து, ஃப்ளோரிடாவுக்கு ரயிலில் அனுப்பப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் ஜெரோனிமோவும் சரணடைந்தார். சிரிகாவா மக்கள் ஏறத்தாழ 500 பேர் போர்க்கைதிகளாக்கப்பட்டனர். ஃப்ளோரிடா, அலபாமா, பின்னர் 1894இல் ஒக்லஹோமாவின் ஃபோர்ட் சில் என்று அவர்கள் மாற்றி மாற்றி அடைக்கப்பட்டனர். காசநோய் பலரைக் கொண்டுசென்றது. பிள்ளைகள் பலர் பெற்றோரினின்றும் பிரிக்கப்பட்டு, பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். விடுதலை வந்தது 1913இல், 27 ஆண்டுகளுக்குப் பின்னர். உல்ஸானா அதனைக் காணாமலே 1909இல் மாண்டார்.

இவர்களுடன் அடைக்கப்பட்டோர் யார்? ராணுவத்திடம் கையெழுத்திட்டுப் பணிபுரிந்த சிரிகாவா வழிகாட்டிகளும் அவர்களுள் இருந்தனர். ஜெரோனிமோவின் மலைமறைவிடத்துக்கு உயிரைப் பணயம் வைத்துச் சென்று, சரணடையும் பேச்சுக்கு வழிதிறந்த மார்ட்டீன், கயிட்டா என்னும் இருவரும் அதே ரயில்களின் வழியே கைதிகளாய் ஃப்ளோரிடா சென்றனர். கெ-நி-டே திரையில் சொல்லும் அந்த விடையை இதனோடு சேர்த்துப் படித்தால் நெஞ்சு கனக்கிறது. வாக்களித்தவன் காத்தான், வாக்கைப் பெற்றவர்கள் கைவிட்டார்கள். படம் இதைச் சொல்லியிருந்தால், நாகரிகம் எது என்று லெஃப்டினன்ட் தேடிய விடை அங்கேயே கிடைத்திருக்கும்.

வியப்பு என்னவென்றால், இயக்குநருக்கு இவ்வரலாறு தெரியாததன்று. அதே ஆல்ட்ரிச் 1954இல் 'அப்பாச்சி' என்னும் படத்தை எடுத்திருந்தார். ஃப்ளோரிடாவுக்குச் செல்லும் கைதி ரயிலினின்றும் தப்பிய மஸாய் என்னும் அப்பாச்சியின் கதை அது. மஸாயாக நடித்தவரும் அதே பர்ட் லங்காஸ்டர்தான். முந்திய படத்துக்கு ரயில் தெரிந்திருந்தது. ஆனால் அது கொடுமைகளைக் காணத் தயங்கியது. பிந்திய படம் கொடுமைகளைக் கண் திறந்து பார்த்தது, ரயிலை மறந்துவிட்டது. பதினெட்டு ஆண்டு இடைவெளியில் ஒருவரே எடுத்த இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால்தான் வழக்கு முழுமை பெறுகிறது.

நமக்குரிய படிப்பினை

இப்படத்தை ஒதுக்கித் தள்ளவேண்டும் என்பது என் முடிவன்று. வெறுப்பைத் தூண்டிப் பணம் ஈட்டிய எண்ணற்ற படங்களின் நடுவே, வெறுப்பைக் களைய முயன்ற படைப்பு இது. அதன் நேர்மை போற்றற்குரியது. ஆனால் அது பாதிவழியில் நின்றுவிட்டது. பகைவனை வெறுக்காதிருக்கக் கற்றுக்கொடுத்தது. அவனை விசாரிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

இக்குறை நமக்குத் தொலைவானதன்று. அமெரிக்கத் திரைப்படங்களில் அரபியரும் முஸ்லிம்களும் சித்திரிக்கப்பட்ட விதத்தை ஜாக் ஷாஹீன் என்னும் அறிஞர் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டு ஆராய்ந்து, 2001இல் நூலாக வெளியிட்டார். செவ்விந்தியர் நின்ற இடத்தில் அரபியர் நிற்பதை அந்நூலைப் படிப்போர் காண்பர். 2011 மே மாதம் உஸாமா பின் லாதினைக் கொன்ற நடவடிக்கையின்போது 'ஜெரோனிமோ' என்பது சங்கேதச் சொல்லாக ஒலித்தது. ஃபோர்ட் சில் அப்பாச்சியர் அதைக் கண்டித்துக் குரல் எழுப்பினர். 27 ஆண்டு சிறையிருந்தோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். தம் முன்னோரின் பெயர் பகைக்கு முத்திரையாவதைக் கண்டு அவர்கள் அடைந்த வேதனையை நாம் விளங்கிக்கொள்வது கடினமன்று.

விளங்கிக்கொண்டதோடு நில்லாமல், அளவுகோலை நம் பக்கமும் திருப்ப வேண்டும். 'அவர்கள் பிறவியே அப்படித்தான். கோபித்துப் பயனில்லை, ஒதுங்கிக்கொள்வதே மேல்' என்று நாம் யாரைப் பற்றியும் சொல்வதில்லையா? அண்டை வீட்டாரைப் பற்றி, மற்றொரு சமூகத்தாரைப் பற்றி, நம்முள்ளேயே மற்றொரு பிரிவினரைப் பற்றி? அவ்வாறு சொல்லும்போது நம் குரலில் வெறுப்பு இருப்பதில்லை. ஆகையால் நாம் நீதி செய்துவிட்டதாக நிம்மதி கொள்கிறோம். மெக்கின்டோஷ் அடைந்த நிம்மதியும் அத்தகையதே.

பகைவன் மனிதன். மனிதன் ஆதலால் அவன் செய்த தீமைக்கு அவன் பதில் சொல்ல வேண்டும். மனிதன் ஆதலால் அவனுக்குச் செய்யப்பட்ட தீமைக்குப் பிறரும் பதில் சொல்ல வேண்டும். இவ்விரண்டு கேள்விகளையும் ஒருங்கே கேட்கும் மன்றத்துக்கே நீதிமன்றம் என்னும் பெயர் பொருந்தும். மறுமையில் கூடவிருக்கும் மன்றம் அத்தகையது. அங்கே எந்த மக்கட்கூட்டமும் பாலைவனமாகக் கருதி விடப்படுவதில்லை. கொன்றவனும் அழைக்கப்படுவான், வாக்கை முறித்தவனும் அழைக்கப்படுவான்.